கறுப்பு உறை போட்ட பாட்டில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் நலம். அவளுடைய தோள்வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. உன் முதுகும் அப்பாவின் மூட்டும் எப்படி இருக்கின்றன? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்று நீதான் இந்தக் கடித ஏற்பாட்டைச் செய்தாய். சண்டையைத் தபாலிலும் அனுப்பலாம் என்பது உனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் சாமான் ஏற்றிவரும் லாரி டிரைவரிடம் உனக்குத் தையல் மிஷின் மோட்டார் கொடுத்தனுப்பினேன் அல்லவா? திரும்பி வந்தவர் சொன்னார்: "உங்கப்பாவும் அக்காவும் முன் ரூம்ல உட்கார்ந்து விஸ்கி சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கும் வேணுமான்னு கேட்டாங்க. வண்டி ஓட்டணும்னு சொல்லிட்டேன். சனிக்கிழமையானா இப்படித்தானாமே!"

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இன்றுவரை அப்பா என் எதிரில் கிளாஸைத் தொட்டதில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டாலே கிளாஸ் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடும். லாரி டிரைவருக்கு "வேணுமா", பெற்ற பிள்ளைக்குச் செய்தித்தாள். எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க விரும்பவில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்றும் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், சோப்புத் தொழிற்சாலையில் அப்பாவின் வாசனை அறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோது நம் இருவரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு வாசனையில் தோய்த்த ஏழு காகிதப் பட்டைகளை முகரக் கொடுத்தார். நீ ஏழையும் சொன்னாய். நான் இரண்டு. அதிலும் ஒன்று குருட்டாம்போக்கில் சொன்னது. "உனக்கு மூக்கு இல்லடா" என்றார். நீ அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். நான் லிஃப்ட் மாட்டும் வேலைக்குப் போய்க் குழிக்குள் இறங்கினேன்.

இருக்கட்டும். நானும் ஆரம்பித்துவிட்டேன். கலப்பு ஒன்றும் இல்லாமல், ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்கிற சிங்கிள் மால்ட். எட்டு மாதத்தில் ஆறு பாட்டில் சேர்த்திருக்கிறேன். கார்க் காய்ந்துவிடாதபடி ஆறையும் பீரோவுக்குள் படுக்கவைத்திருக்கிறேன். சனிக்கிழமை மேதைக்கு இந்த நுணுக்கம் தெரியுமோ என்னவோ.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

முதுகு இருக்கிறது. மூட்டும் இருக்கிறது. அவளுக்கு வெந்நீர்ப் பையைச் சொல்லு. மோட்டார் நன்றாக ஓடுகிறது.

உன் கடிதங்களை அப்பாதான் பிரிக்கிறார் என்பதை மறந்துவிடாதே. நான் தொழிற்சாலையிலிருந்து வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டு, எனக்கு ஒரு முறை சத்தமாக வாசித்தும் காட்டுவார். மூட்டுக்காக வேலையை விட்டதிலிருந்து அவருக்கு அது ஒரு வேலை. "படுக்கவைத்திருக்கிறேன்" என்ற இடம் வந்ததும் "ஐயோ" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒயினைத்தான் படுக்கவைப்பார்கள். விஸ்கி காரமான சரக்கு. கார்க்கில் பட்டுக்கொண்டே இருந்தால் அதைத் தின்றுவிடும். படித்த கையோடு எழுந்துபோய் ஆறையும் நிமிர்த்து. வெயிலும் சூடும் படாத இடமாகப் பார். வருடக்கணக்கில் பூட்டிவைத்தால் வயது ஏறும் என்று காத்திருக்காதே. பீப்பாயில் இருந்த வரைக்கும்தான் அதற்கு வயது.

எங்கள் சனிக்கிழமையில் நீ நினைக்கிற மாதிரி கொண்டாட்டம் எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி. வாய் குறுகிய கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விடுவேன். அப்பா "சொல்லு" என்பார். நான் முகர்ந்து சொல்வேன். ஒரு மணி நேரம். அதோடு சரி.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சாப்பாட்டில் உப்பு மட்டும் கூடுதலாகக் கேட்கிறார். மற்றபடி நலம்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. உன் கடிதம் வருவதற்குள் இரண்டு பாட்டில் கசிந்துவிட்டது. கார்க் நனைந்த ரொட்டியாகிக் கையோடு வந்தது. பீரோவில் இருந்த போர்வை, தலையணை உறை எல்லாம் ஒரே மணம். "ராத்திரி போர்த்துனா காலைல தலை சுத்துது. உங்க பார்லிக் கஞ்சிய வேற எங்கயாவது வச்சுக்கக் கூடாதா?" என்கிறாள் இவள். மீதி நான்கையும் நிமிர்த்திவிட்டேன். அப்பா "ஐயோ" என்றது பாட்டிலுக்காகத்தானே? எனக்காக ஒன்றுமில்லையே?

ஒன்று கேட்கிறேன். "சொல்லு" என்பார் என்று எழுதியிருக்கிறாய். ஏன், அவருக்கே தெரியாதா? உன் வாயால் கேட்டால்தான் ருசிக்குமோ? இருபத்திரண்டு வருடமாக உனக்குப் பரீட்சை வைத்து, நீ ஒவ்வொரு முறையும் பாஸ் செய்து, அதை ஒரு கிளாஸோடு உட்கார்ந்து ரசிக்கிறாராக்கும். எனக்கு அந்தப் பரீட்சை ஒரே ஒரு தடவைதான் வைத்தார்.

டிரைவரிடம் ஒரு பாட்டில் தந்திருக்கிறேன். ஒரு தீவில் வடித்தது. புகை மணம் தூக்கலாக இருக்கும். கடைக்காரரிடம் முக்கால் மணி நேரம் நின்று, நாலைந்து வகையை முகர்ந்து பார்த்து, நானே தேர்ந்தெடுத்தேன். எப்படி இருந்தது என்று அப்பா தன் கையால் எனக்கு எழுத வேண்டும். நீ எழுதினால் செல்லாது.

தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். அவளுடைய போர்வைகளை இரண்டு நாள் காற்றாடக் கொடியில் போடு.

பாட்டில் பத்திரமாக வந்தது. முதலில் அணைந்த அடுப்பு மாதிரி ஒரு புகை, பிறகு கடல் காற்று, அடியில் மெல்லிசாக ஒரு இனிப்பு. நல்ல தேர்வு. அப்பா "நல்லா இருக்கு" என்றார். எழுதவில்லை. கேட்டேன், "அப்புறம்" என்று எழுந்து போய்விட்டார். வற்புறுத்தாதே.

போன வாரம் அடுப்பில் வைத்த பால் பாத்திரத்தோடு கருகிப்போனது. அப்பா சமையலறை மேசையிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நாளைக்குப் பாட்டில் எதுவும் அனுப்பாதே. இருப்பதே தீரவில்லை. பாதி காலியானதில் காற்று புகுந்து மணம் இறங்கிவிடுகிறது. சின்ன பாட்டில் வாங்கி அதில் வழிய வழிய மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

இங்கே நலம், அங்கே நலமாக இருப்பீர்கள்.

முக்கால் மணி நேரம் கடையில் நின்றதற்கு "நல்லா இருக்கு". காபியைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். அணைந்த அடுப்பு, கடல் காற்று என்று நீ அடுக்குகிறாயே, நான் அதே வகையில் இன்னொரு பாட்டிலை இங்கே திறந்து ஒரு வாரம் முகர்ந்தேன். எனக்கு அடுப்பும் வரவில்லை, கடலும் வரவில்லை. மோட்டார் அறையில் ஒயர் சூடானால் வருமே, அந்த வாசனைதான் வந்தது. நீ சொல்வதெல்லாம் உண்மைதானா, இல்லை அப்பாவை மயக்க நீ கட்டிவிடும் கதையா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அனுப்பாதே என்றாய். அனுப்புகிறேன். பதினெட்டு வருடம் பீப்பாயில் இருந்தது. என்னிடம் இருப்பதிலேயே பெரிது. டிரைவர் அடுத்த வாரம் வருவார். இதையும் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுகிறாரா பார்ப்போம்.

தம்பி


மே 6

மகனுக்கு அப்பா எழுதுவது.

மூட்டு பரவாயில்லை. நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. வேலையில் இருந்தபோது ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதுவேன், அவ்வளவுதான்.

உன் பதினெட்டு வருடப் பாட்டிலைச் சனிக்கிழமை திறந்தோம். தேன். பழைய மர அலமாரியைத் திறந்ததும் வருகிற மணம். முடிவில் ஆரஞ்சுத் தோல். இந்த வகையில் இவ்வளவு நல்லதை நான் சாப்பிட்டதில்லை.

தேர்ந்தெடுத்தவன் நீ. உனக்கு மூக்கு இல்லை என்று ஒருநாள் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை நீ வரும்போது செய்தித்தாள் இருக்காது.

அப்பா

(தம்பி, உறையை ஒட்டுமுன் இதைச் செருகுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். பதில் எழுதுமுன் எனக்கு ஒரு போன் செய். சண்டை வந்தாலும் பரவாயில்லை. அக்கா.)


மே 19

அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவுக்கும் சேர்த்து,

சௌக்கியமாக இருக்கிறேன். இவ்வளவு சௌக்கியமாக எந்த நாளும் இருந்ததில்லை.

போன் செய்யவில்லை. ஏற்பாடு ஏற்பாடுதானே. இதை அப்பாதான் வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீங்கள் சாப்பிட்டது பதினெட்டு வருடம் இல்லை. பதினெட்டு நாள்கூட இருக்குமோ என்னவோ. எங்கள் தெருமுனைக் கடையில் சுமை இறக்குகிறவர்கள் வாங்கிப்போகிற சரக்கு. நல்லதை எனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, புனல் வைத்து இதை ஊற்றி, மூடி, சீல் போட்டு அனுப்பினேன். தேனாம்! பழைய அலமாரியாம்! ஆரஞ்சுத் தோலாம்! நான் மாடியில் ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். இவள் பயந்தே போனாள்.

ஆக, ஏழு பட்டையையும் சரியாகச் சொன்ன மூக்கும் பொய். அதற்குப் பரீட்சை வைத்த மூக்கும் பொய். இரண்டு பொய் மூக்குகள் சேர்ந்து என்னைக் கிரீஸ் குழிக்குள் அனுப்பின. இதைத்தான் இருபத்திரண்டு வருடமாக நிரூபிக்க ஆசைப்பட்டேன். நிரூபித்துவிட்டேன்.

அப்பா, "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று நீங்கள் எழுதிய வரிக்கு நன்றி. என்ன காரணத்துக்காக எழுதினீர்களோ அது பொய். வரி மட்டும் உண்மை.

உங்கள் மூக்கில்லாதவன்


ஜூன் 2

தம்பி,

உன் நலத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அவள் நலமாக இருக்கட்டும்.

கடிதத்தை அப்பா எனக்கு வாசித்துக்காட்டினார். வழக்கம்போல, சத்தமாக, கடைசி வரை. நடுவில் "போதும்ப்பா" என்றேன். "இரு, முடிச்சுடறேன்" என்றார். மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லி அறைக்குள் போனார். போன சனிக்கிழமை இரண்டு நாற்காலியும் காலி.

சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இனி அதைக் காப்பாற்றி யாருக்கு லாபம்? அப்பாவுக்கு மோப்பம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் காய்ச்சல் வந்தது அல்லவா, அது போகும்போது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. திரும்ப வரலாம் என்றார் டாக்டர். வரவில்லை. வேலையை விட்டது மூட்டுக்காக இல்லை. பக்கத்தில் பால் கருகினாலும் அவருக்குத் தெரியாது. விஸ்கியை வாயில் விட்டால் கொஞ்சம் எரியும், கொஞ்சம் தித்திக்கும், அவ்வளவுதான். அதனால்தான் "சொல்லு" என்கிறார். நான் முகர்ந்து சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு பழைய நினைவிலிருந்து அந்த மணத்தை எடுத்துக்கொள்வார். நீ பரீட்சை என்று நினைத்தது இதைத்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? "மூக்கு இல்லன்னு அவனச் சொன்ன வாய்டி இது. இப்ப எனக்கே இல்லன்னு எந்த முகத்த வச்சுக்கிட்டு அவன்கிட்ட சொல்வேன்?" என்றார். அவர் சொன்ன சொல் இதுதான், அப்படியே எழுதுகிறேன்.

நீ என்னை ஏமாற்றிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். டிரைவர் கையில் பாட்டிலைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. சீல் என்று நீ போட்டது, லிஃப்ட் ஒயர் இணைப்பில் மாட்டிச் சூடுகாட்டிச் சுருக்குகிற கறுப்பு உறை. உலகத்தில் எந்த வடிசாலை அப்படி அனுப்புகிறது? அதில் கம்பிக் கயிற்றுக் கிரீஸ் வேறு மணத்தது. உள்ளே வெறும் ஸ்பிரிட்டும் கருகின சர்க்கரையும். சொல்ல வாயெடுத்தேன். "அவன் அனுப்பினது, நிதானமா சொல்லு" என்று அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தேன் என்றேன். அலமாரி என்றேன். ஆரஞ்சுத் தோல் வரை போய்விட்டேன். உடனே பேனாவை எடுக்கச் சொன்னார்.

என் பொய்யால் உனக்கு மூக்கு கிடைத்தது. நீ அதை மாடியில் நின்று சிரித்துத் தொலைத்தாய்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று முதல்முறையாக நினைத்து எழுதுகிறேன். இதற்கு முன்பெல்லாம் கை தானாக எழுதிவிடும்.

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் அந்தச் சொல் சின்னதாகத் தெரிகிறது. எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்ததே இல்லை. பொறாமைதான். அதுவும் அக்கா மேல். அந்த இரண்டாவது நாற்காலி மேல்.

பதினெட்டு வருடம் மூன்று சின்ன பாட்டில்களில் இருக்கிறது. கழுத்து வரை நிரப்பி, நிமிர்த்தி, இருட்டில் வைத்திருக்கிறேன். அன்றைக்கே ஒரு வாய் எடுத்தேன். சிரித்த வாயில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு தொடவில்லை.

வரலாமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மகன்


ஜூலை 8

மகனுக்கு,

உடம்பு சுமார். மருமகளுக்கு இன்னும் தோள்வலியா? அழைத்து வந்தால் இங்கே ஒரு டாக்டரைப் பார்க்கலாம்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம். ஒரு வாரம் கழித்துச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில்லாத ஒருவனை மோப்பத்தில் ஏமாற்ற நீ புனல் வாங்கி, சரக்கு வாங்கி, உறை சுருக்கி, லாரி பிடித்து எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய்!

உனக்கு எழுதிய அந்த ஒரு வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது உன் அக்கா சொன்ன பொய்யின் மேல் எழுதியது. வேறு எழுதுவதா என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

மூன்று பாட்டிலையும் கொண்டு வா. காகிதப் பட்டை வைக்க மாட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அவளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல். என் முதுகைப் பற்றிக் கேட்காதே, இன்று எனக்கு வேறு இடத்தில் வலி.

நீ இங்கே இருந்த சனிக்கிழமை என் நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். எனக்குச் சமையலறையில் ஒரு வேலையும் இல்லை. கழுவின கிளாஸையே கழுவிக்கொண்டு கதவோரம் நின்றேன். அப்பா "சொல்லு" என்றார். நீ ரொம்ப நேரம் முகர்ந்தாய். உனக்குத் தேனும் வரவில்லை, அலமாரியும் வரவில்லை. "புது லிஃப்ட் கதவுல ஒட்டியிருக்கிற பேப்பரப் பிரிக்கும்போது வருமேப்பா, அது. அப்புறம் மழை இறங்கின குழி. ஈர சிமெண்ட்டு. அப்புறம் யாரோ பழக்கூடையோட லிஃப்ட்ல ஏறி இறங்கிப் போயிட்டாங்க, நாம அடுத்ததா ஏறுறோம்" என்றாய். அப்பா சிரித்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "ஏறி இறங்கிப் போயிட்டாங்களா? எந்த மாடிடா?" என்று கேட்டார். "மூணாவது" என்றாய். "எனக்குத் தெரியுதுடா" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருடமாக நான் அவருக்குச் சொன்னதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள். தேன், ஆரஞ்சுத் தோல், அணைந்த அடுப்பு எல்லாமே வாசனை அறையில் அவர் வைத்த பெயர்கள். அவருடையதையே அவருக்குத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் "நல்லா இருக்கு" என்று நிறுத்திக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? நீ சொன்னது அவருக்குப் புதிது. ஏழு பட்டையில் ஐந்தைத் தப்பாகச் சொன்னவன்தான் அப்படிச் சொல்ல முடியும்.

நீ கிளம்பிய பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. நான் ஊற்றி, தண்ணீர் விட்டு, முகர்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அப்பா கண்ணைத் திறந்து, "இதுக்கு அவன் என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடம் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எரிகிறது தம்பி. நீ எழுதியபடியேதான், வயிற்றில்தான்.

மூன்றில் ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. இருட்டில், நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். நீ இங்கே விட்டுப்போன ஒயர் உறையிலேயே ஒன்றை மாட்டி மெழுகுவத்தியில் சூடுகாட்டிச் சீல் போட்டுவிட்டேன். நீ வரும்வரை திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுதச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

கிடைக்கவில்லை என்று நீ எழுதினால் நான் சந்தோஷப்படுவேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷம் தங்காது. அதனால் வந்து சேர். இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அக்கா